‘ஷீட்’ என்பது பாயா, கயிறா?

கேள்வி:

வணக்கம். பாய்மரப் படகோட்டம் பழகுவோருக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ‘மெயின் ஷீட்டைத் தளர்த்துக’ என்ற இடத்தில் ‘பெரிய பாயைத் தளர்த்துக’ என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த நண்பர், அப்படிச் செய்தால் பாய் தலையில்தான் விழும் என்று சிரித்தார். ஷீட் எதைக் குறிக்கிறது? இதற்கும், பாயை ஏற்றும் கயிறான ஹேலியார்டுக்கும் தமிழில் சொற்கள் உண்டா?

மறுமொழி 1:

ஷீட் கயிறுதான். பாயின் பின்பக்கக் கீழ்மூலையைக் கட்டுப்படுத்தும் அந்தக் கயிற்றை இழுத்தால் பாய் படகின் நடுவை நோக்கி வரும். விட்டுக்கொடுத்தால் வெளியே சாயும். தமிழில் இதற்குத் தாமான் என்ற சொல் உண்டு. பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான். பாய் கட்டப்படும் குறுக்குமரம் பருமல். தாமான் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு ஆடையின் விளிம்பு, ஏறக்குறைய நம் முந்தானை, என்று பொருள். ஆங்கிலத்தின் ஷீட்டும் பழங்காலத்தில் பாயின் மூலையைக் குறித்த சொல்லிலிருந்தே வந்தது. இரு மொழிகளிலும் துணியின் ஓரத்தைச் சொன்ன சொல், அந்த ஓரத்தில் கட்டிய கயிற்றுக்குப் பெயராகியிருக்கிறது. ஆகவே ‘தாமானைத் தளர்த்துக’ என்று தயங்காமல் எழுதலாம்.

மறுமொழி 2:

மேலே உள்ளவர் சொன்ன சொற்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்று சென்னையில் படகோட்டம் பழகும் பிள்ளைகள் காதில் விழுவது ‘ஷீட்’ மட்டுமே. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் போட்டியிட்ட லேசர் ரேடியல் படகு ஒரே பாயும் ஒரே ஆளும் கொண்டது. அங்கே ஒரு கை சுக்கானிலும் மறு கை ஷீட்டிலும் இருக்கும், சொல்லாராய்ச்சிக்கு நேரமிருக்காது. முதல் முறை வரும்போது ‘தாமான், அதாவது ஷீட்’ என்று எழுதிவிட்டுப் பிறகு ஒன்றையே ஆளுங்கள்.

மறுமொழி 3:

ஷீட்டைவிட ஆபத்தான சொல் ‘டாக்’. அது பாயின் முன்பக்கக் கீழ்மூலையையும் குறிக்கும். படகின் முன்முனையான அணியத்தைக் காற்றின் ஊடாகத் திருப்பி, காற்றை மறுபக்கம் வாங்கும் செயலையும் குறிக்கும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் ஓடாது என்பதால், ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து ஒரு பக்கமும், பிறகு திரும்பி மறுபக்கமுமாக வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். அந்தத் திருப்பம்தான் அது. மூன்றாவதாக, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதற்கும் அதுவே சொல். ‘ஸ்டார்போர்டு டாக்’ என்றால் ‘வலப்பக்கம் திரும்பு’ என்று எழுதிவிடாதீர்கள். வலப்பக்கம் காற்று வாங்கி ஓடும் படகு என்றே அதற்குப் பொருள். இடப்பக்கம் காற்று வாங்கி வரும் படகு அதற்கு வழிவிட வேண்டும் என்பது விதி. இங்கே பிழை நேர்ந்தால் இரண்டு படகுகள் மோதிக்கொள்ளும்.

கேட்டவர்:

நன்றி. ‘வலப்பக்கம் திரும்பு’ என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறேன், இப்போதே திருத்துகிறேன்.