புதுப்பிப்பு: சனிக்கிழமைப் பயிற்சி என்ன ஆனது?

சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன்: உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்த அண்ணன் மகளைத் தேசிய வருவாய்வழித் தகுதித் தேர்வுக்கான சனிக்கிழமைப் பயிற்சிக்கு அனுப்பலாமா, வீட்டில் பூக்கட்ட வைத்துக்கொள்ளலாமா என்று. அனுப்பச் சொன்னீர்கள், அனுப்பினோம்.

தேர்வானோர் பட்டியலில் அவள் எண் வரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்திருந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அண்ணி அதை மனத்துக்குள் செலவழித்தே முடித்திருந்தார், பாவம்.

மனத்திறன் தாளில் 90 வினா, 90 நிமிடம். எண்தொடர், திசை என்று பாடப்புத்தகத்தில் பார்க்காத கேள்விகள். தொடக்கத்தில் ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள். தெரியாததை விட்டு நகர்வதில் வெட்கமில்லை என்று ஆசிரியர் சொல்லிச் சொல்லிப் பழக்கினார். விடைத்தாளில் வட்டம் நிரப்பிப் பழகவே இரண்டு வாரம் ஆயிற்று.

பலன் இந்த ஆண்டுதான் தெரிகிறது. காலாண்டுக் கணக்குத் தேர்வில் 73. போன ஆண்டு 41. வயது ஏறியதால் வந்தது என்கிறார் அண்ணன். நான் ஒப்பவில்லை. மல்லிகை கட்டும்போதே, “அத்தை, ஒரு முழத்துக்கு இத்தனை கண்ணி என்றால் ஐந்து முழத்துக்கு?” என்று ஆரம்பித்துவிடுகிறாள். “முதலில் கையை ஓட்டு” என்கிறார் அண்ணி.

அடுத்தது ஒன்பதாம் வகுப்புக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வு. மாவட்டத்துக்கு 50 மாணவிகள், 50 மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பழைய வினாத்தாள் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.