நுரையீரல் அழற்சிக்குத் தாவரச் சேர்மங்கள் மருந்தாகுமா?

கேள்வி:
வணக்கம். கடும் நுரையீரல் அழற்சியிலிருந்து என் தந்தையார் மீண்டு வந்த நாள் முதல் இது பற்றிப் படித்து வருகிறேன். மஞ்சளிலுள்ள குர்குமின், வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின் போன்ற தாவரச் சேர்மங்கள் எலிகளில் அழற்சியைத் தணித்ததாக ஆய்வுகள் பல கூறும்போது, அவை ஏன் இன்னும் மருந்தாகவில்லை?

மறுமொழி 1:
சேர்மத்தை எப்போது கொடுத்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். அழற்சியை உண்டாக்கப் பாக்டீரியாவின் உறை நச்சை எலியின் மூச்சுக்குழலில் செலுத்துவதற்கு முன்பே பல ஆய்வுகளில் சேர்மத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். மனிதரோ காற்றுப்பைகளில் நீர் கோத்து, மூச்சுத் திணறிய பிறகுதான் சிகிச்சைக்கு வருகிறார்.

மறுமொழி 2:
ஆனாலும் இவை வெறும் நம்பிக்கையல்ல. நிலவேம்பிலுள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி புரதத்தின் பி50 என்னும் பகுதியில் 62ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டு, அது டிஎன்ஏவுடன் இணையாமல் தடுக்கிறது. குர்குமினின் சிக்கல் வேறு. அது நீரில் எளிதில் கரையாது. குடலும் கல்லீரலும் அதை விரைவாக மாற்றிவிடுவதால், கிராம் கணக்கில் விழுங்கினாலும் இரத்தத்தில் மிகச் சொற்பமே எஞ்சுகிறது.

கேட்டவர்:
அப்படியானால் குர்குமின் விரைவில் மாறிவிடாமலிருக்க, அதனுடன் மிளகிலுள்ள பைப்பரின் என்ற சேர்மத்தைச் சேர்த்துக் கொடுக்கலாமா?

மறுமொழி 2:
தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையே பைப்பரின் தடுப்பதால், தந்தையார் உட்கொள்ளும் பிற மருந்துகளின் அளவும் இரத்தத்தில் கூடிவிடக்கூடும்.