பக்கத்துத் தோட்டத்துக்காரர் மருந்தடிக்கும் முன் கேட்கிறார்

பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். பக்கத்துத் தோட்டம் தக்காளி. இரண்டும் ஒட்டி இருந்தால் சண்டைதான் மிஞ்சும் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். தக்காளிக்கு அடிக்கிற மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தால் போதும். அதைத் தின்ற புழு வாந்தியெடுத்துச் சுருண்டு, ஒரே நாளில் புழு வளர்க்கிற மனையே காலியாகிவிடும்.

அந்த அண்ணன் ஒவ்வொரு முறையும் வரப்பில் நின்று கேட்பார்: "ஏம்மா, புழு என்ன பருவத்துல இருக்குது? மருந்தடிக்கலாம்னு இருக்கறன்."

கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவமான ஐந்தாம் பருவம் என்றால் அவருக்கே தெரியும். புழு தன் ஆயுளில் தின்கிற இலையில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த ஏழெட்டு நாளில்தான் தின்னும். போன தடவை அவர் செடியில் காய்ப்புழு விழுந்திருந்தது. அப்போதும், "நீங்க இந்தப் பக்கத்துத் தழையை முதல்ல அறுத்து எடுத்துக்கங்க, அப்புறம் அடிச்சுக்கறன்" என்றார். விடிய விடிய அறுத்து ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்தோம். மறுநாள் சாயங்காலம் காற்று அடங்கிய பிறகுதான் அவர் தெளிப்பானைத் தோளில் மாட்டினார். அதற்குள் எத்தனை காய் சொத்தையாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. ஒட்டு மொத்த ஊரிலும் அவரைப்போல் காத்திருக்க யாருக்கு மனசு வரும்? எங்கள் புழுக்கழிவும் தின்ற மிச்சத் தண்டும் அவர் எருக்குழிக்குத்தான் போகும். அவர் கேட்டதில்லை, நாங்களே கொண்டுபோய்க் கொட்டுகிறோம்.

புழு பழுக்கிற நாள் இன்னொரு கதை. தீனியை விட்டுவிட்டு, உடம்பு தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஆகி, தலையைத் தூக்கி ஆட்டும். உடனே பொறுக்கிச் சந்திரிகையில், அதாவது புழு கூடு கட்டுவதற்கான தட்டில், விடவில்லை என்றால் தழைக்குள்ளேயே கூடு கட்டிவிடும். வீட்டு ஆட்கள் மட்டும் எப்படிப் போதும்? எதிர்வீட்டில் துணி தைக்கிற அக்கா மெஷினை மூடிவிட்டு, ஆளுக்கொரு தட்டோடு இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார். கூலிப் பேச்சே இல்லை.

தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் குவியலுக்கு அடுத்து ஒரு பெரியவரின் குவியல். ஏலம் தொடங்க நேரமிருந்தது. எங்கள் கூட்டை ஒரு கை அள்ளிப் பார்த்தவர், "கறை புடிச்சது, ரெண்டு புழு சேர்ந்து கட்டுன ரெட்டைக்கூடு எல்லாம் கலந்திருக்குது கண்ணு. நூற்கிறவங்க கையில இது சிக்குனா மொத்தத்துக்கும் விலை இறங்கிடும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பொறுக்கிக் கொடுத்தார். அவரும் விற்கத்தான் வந்திருந்தார். எங்கள் கூடு அழகாக இருந்தால் அவருக்கு என்ன லாபம்!

இதேபோல் உதவிய பக்கத்துக் கடைக்காரரைப் பற்றி, காவேரிப்பட்டணத்திலிருந்து இன்னொருவர்:

நாங்கள் தட்டை மாதிரியான நிப்பட்டு போட்டு விற்கிறோம். கல்யாண ஆர்டர் இருந்த அன்றைக்கு அடுப்பு பழுதாகிவிட்டது. எதிர்க்கடைக்காரருக்கும் இதே வியாபாரம்தான். "மாவு கெட்டுப்போயிடும், இங்க எடுத்துட்டு வாங்க" என்று தன் சட்டியை ஒதுக்கித் தந்து, மாஸ்டரையும் நிற்க வைத்தார். அவர் எண்ணெயில் வெந்தது, எங்கள் பெயர் போட்ட பாக்கெட்டில்தான் மண்டபத்துக்குப் போனது. எண்ணெய்க் காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அதற்கப்புறம் எங்களிடம் சரக்கு தீர்ந்தால் வாடிக்கையாளரை அவர் கடைக்கே கைகாட்டி விடுகிறோம்.

போச்சம்பள்ளியிலிருந்து மற்றொருவர்:

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முதன்முதலாகக் கீரை விற்க உட்கார்ந்தபோது, பக்கத்துக் கத்தரிக்காய் அம்மா தார்ப்பாயில் பாதியை என் பக்கம் இழுத்துவிட்டார். சில்லறை இல்லாமல் நான் தடுமாறுவதைப் பார்த்துத் தன் சுருக்குப் பையைத் திறந்து, "எடுத்துக்க, பொழுது சாயறப்ப கணக்குப் பாத்துக்கலாம்" என்றார். இப்போது அவர் வர நேரமானால் இடம் பிடித்து வைப்பது நான்தான்.