கில் பில் முதல் பாகம் அவ்வளவு பெரிய படமா? எனக்கு ஒட்டவில்லை

தரைடிக்கெட்:
ஞாயிற்றுக்கிழமை கில் பில் முதல் பாகத்தைத் திரும்பப் பார்த்தேன். 2003இல் டாரன்டினோ எடுத்தது. கல்யாண ஒத்திகையில் தன்னைச் சுட்டுப்போட்டுவிட்டுப் போன கும்பலை உமா துர்மன் ஒவ்வொருவராகத் தேடிக் கொல்கிற கதை, அவ்வளவுதான். காலேஜில் ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். இப்போது பார்த்தால் எல்லாமே கடன். மஞ்சள் டிராக் சூட் புரூஸ் லீயின் கேம் ஆஃப் டெத்திலிருந்து, பனியில் நடக்கும் கடைசிச் சண்டை 1973இல் வந்த ஜப்பான் படம் லேடி ஸ்னோபிளட்டிலிருந்து, ஆரம்பத்தில் வரும் ஷா ஸ்கோப் என்ற டைட்டில் அட்டைகூட ஹாங்காங்கில் குங்ஃபூ படங்கள் எடுத்த ஷா பிரதர்ஸ் கம்பெனியுடையது. கோடம்பாக்கத்தில் ஒருத்தர் இதைச் செய்தால் அன்றைக்கு ராத்திரியே இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடியோ போட்டு மானத்தை வாங்குகிறோம். ஹாலிவுட்காரர் செய்தால் மட்டும் முன்னோடிகளுக்கு மரியாதை செலுத்துகிறாராம். என்ன நியாயம் இது?

ஷாவோலின் சேகர்:
தலைவா, திருடுகிறவன் ஒளித்து வைப்பான். இவர் எங்கே ஒளித்தார்? லேடி ஸ்னோபிளட்டில் மெய்கோ காஜி பாடிய பாட்டையே வாங்கி அந்தப் பனிச்சண்டை முடிந்ததும் ஓட விடுகிறார். வாள் செய்து கொடுக்கிற ஹட்டோரி ஹன்ஸோவாக வரும் சோனி சிபா அதே பெயருள்ள பாத்திரத்தில் ஜப்பான் டிவி தொடரிலேயே நடித்தவர். மொட்டைத்தலை கார்டன் லியு யார்? 1978இல் வந்த ஷாவோலின் 36ஆம் அறை படத்தின் கதாநாயகன்! அவருக்கு இந்தப் பாகத்தில் ஒரு வேடம், 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில் பெய் மெய் என்று இன்னொரு வேடம். பழைய ஷா படங்களில் வில்லனாக வந்து எல்லோரையும் அடித்து நொறுக்கிய வெள்ளைத்தாடிக் கிழவர்தான் பெய் மெய். உலகமே மறந்துபோன ஒரு நடிகரைக் கூப்பிட்டு இப்படி உட்கார வைப்பதற்குப் பெயர் திருட்டு என்றால் எனக்குத் திருட்டே போதும்.

வியாசர்பாடி பிளாக்பெல்ட்:
கடனா மரியாதையா என்ற சண்டையே எனக்கு வேண்டாம், சண்டை எப்படி இருக்கிறது என்று பேசுங்கள். ஷா படங்களில் கேமரா தள்ளி நிற்கும், இரண்டு பேரின் காலும் தெரியும், பத்துப் பதினைந்து அடி வெட்டாமல் ஒரே ஷாட்டில் போகும். யார் கை தேர்ந்த கை என்று ஒளிக்கவே முடியாது. இங்கே சண்டை அமைத்தது யுவென் வூ பிங், அவர் பெரிய மனுஷன், குறை சொல்லவில்லை. ஆனால் வில்லி லூசி லியுவின் அடியாட்களான கிரேஸி 88 கும்பலோடு நடக்கும் அந்தப் பெரிய சண்டையில் முக்கால்வாசிப் பேர் ஒரே வெட்டில் காலி. ஒருத்தன் வெட்டுப்பட்டு விழும்வரை அடுத்தவன் வாளைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறான். இதை நம் படத்து கோடவுன் ஃபைட்டில் பார்த்தால் சிரிக்கிறோம் இல்லையா? லூசி லியுவோடு பனியில் நடக்கும் சண்டை வேறு. அதில் இரண்டு பேரும் மூச்சு வாங்குகிறார்கள், காயத்துக்குப் பிறகு நிற்கும் நிலை மாறுகிறது. அதை மட்டும் என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். மிச்சம் எல்லாம் தக்காளிச் சட்னி.

ஷாவோலின் சேகர்:
மாஸ்டர், அந்தச் சட்னியும் வேண்டுமென்றே செய்ததுதான். கம்ப்யூட்டர் ரத்தம் வேண்டாம் என்று பழைய சீனப் படங்களின் வழக்கப்படி ஆணுறையில் செயற்கை ரத்தம் நிரப்பி வெடிக்க விட்டார்கள். அமெரிக்கப் பதிப்பில் தணிக்கைத் தொல்லைக்காக அந்தச் சண்டையின் ஒரு பகுதியைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினார்கள், ஜப்பான் பதிப்பில் முழுக்க கலர். எதைப் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்து அபிப்பிராயம் மாறும்.

ஆழ்வார்பேட்டை ஆண்டவர்:
இவ்வளவு பேசுகிறீர்களே, நம்ம ஆளை மறந்துவிட்டீர்களே. 2001இல் வந்த கமலின் ஆளவந்தானில் வன்முறை முற்றும் இடத்தில் படம் கார்ட்டூனாக மாறும். கில் பில்லில் லூசி லியுவின் சின்ன வயசுக் கதை முழுக்க அனிமேஷன். ஒரு இந்தியப் படம் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்ததாக டாரன்டினோவே தன்னிடம் சொன்னார் என்று இந்தி டைரக்டர் அனுராக் காஷ்யப் பேட்டி கொடுத்திருக்கிறார். அப்போது தியேட்டரில் ஓடவில்லை என்று கிண்டல் அடித்தவர்கள் எல்லாம் 2023 மறுவெளியீட்டில் விசில் அடித்தார்கள்.

தரைடிக்கெட்:
அண்ணே, நான் கடன் என்று புகார் கொடுத்தால் நீங்கள் நம்மிடமும் கடன் வாங்கினார் என்று பெருமைப்படுகிறீர்கள். அந்த அனிமேஷனைச் செய்தது ஜப்பானின் புரொடக்‌ஷன் ஐஜி, பார்க்க ஜப்பான் அனிமே மாதிரிதான் இருக்கிறது. தூண்டுதல் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

வேளச்சேரிக்காரி:
ஆண்கள் எல்லாம் வாளையும் ரத்தத்தையும் பேசிவிட்டீர்கள். ஆரம்பத்தில் ஒரு சமையலறைக் காட்சி வருமே, யாருக்கும் ஞாபகமே இல்லையா? இரண்டு பெண்கள் வீட்டையே உடைத்துச் சண்டை போடுகிறார்கள், பள்ளிக்கூட பஸ்ஸில் குழந்தை வந்து இறங்குகிறது, உடனே இருவரும் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குழந்தை கண் முன்னாலேயே அம்மா செத்துக் கிடக்கிறாள். கொன்றவள் அந்தப் பெண்ணிடம், நீ வளர்ந்த பிறகும் இது வலித்தால் வா, காத்திருப்பேன் என்கிறாள். இதை எந்தப் படத்திலிருந்து எடுத்தார் என்று தேடவே தோன்றவில்லை எனக்கு. குங்ஃபூ படம் ஒன்றுகூடப் பார்க்காமல்தான் நான் இதைப் பார்த்தேன், நன்றாகவே புரிந்தது. ஆனால் டைரக்டரைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் மாட்டேன். படப்பிடிப்பில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் தன்னைக் கார் ஓட்ட வைத்ததாகவும், அது மரத்தில் மோதிக் காயம் பட்டதாகவும் உமா துர்மன் 2018இல் சொன்னார். டாரன்டினோவும் அதற்கு வருத்தம் தெரிவித்தார். இவ்வளவு அழகாக எடுத்தார் என்று நாம் மெச்சும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

வியாசர்பாடி பிளாக்பெல்ட்:
அந்தச் சமையலறைச் சண்டை நல்ல சண்டை, சகோதரி. கையில் கிடைத்ததை எல்லாம் ஆயுதமாக்குகிறார்கள், அடி விழுந்தால் வலிப்பது தெரிகிறது. அதை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் மஞ்சள் சட்டையைப் போஸ்டர் அடித்து ஒட்டுகிறார்கள்.

ஷாவோலின் சேகர்:
தரைடிக்கெட், இரண்டாம் பாகத்தையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். ஒரே படமாக எடுத்து அப்புறம்தான் இரண்டாக வெட்டினார்கள். நீங்கள் கேட்கும் கதை, அம்மா மகள் விஷயம், பெய் மெய்யிடம் பலகையைக் குத்திக் குத்திக் கை வீங்கும் பயிற்சி எல்லாம் அதில்தான் இருக்கிறது.

தரைடிக்கெட்:
முதல் பாகத்துக்குத் தனியாகத்தானே டிக்கெட் விற்றார்கள்? அப்படியானால் மார்க்கும் தனியாகத்தான் போடுவேன். சமையலறைக்கும் பனிச்சண்டைக்கும் சேர்த்து ஐம்பது, மிச்சத்துக்கு முட்டை.