கேழ்வரகுக் கூழா, குறைத்த சோறா? அப்பாவுக்குச் சர்க்கரை 6.1

முத்தியால்பேட்டைப் பெண்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 54. போன வாரம் ரத்தப் பரிசோதனை எடுத்தோம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம், ரத்த அழுத்தம் 138/88. "இன்னும் நோய் வரவில்லை, ஆனால் வரும் வழியில் இருக்கிறது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைப் பாருங்கள், நடங்கள், மூன்று மாதம் கழித்து வாங்க" என்றார் டாக்டர். சாப்பாட்டில் எதைப் பார்ப்பது என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. அரிசியை அடியோடு நிறுத்து, காலையும் இரவும் கேழ்வரகுக் கூழ் கொடு, டீக்குக் கருப்பட்டி போடு என்கிறார் பெரியப்பா. சித்தியோ, "வம்சத்தில் இருப்பது வந்தே தீரும், அந்த மனுஷனைப் பட்டினி போடாதே, மாத்திரையை இப்போதே வாங்கிக் கொடு" என்கிறார். அப்பா இருவர் பேச்சுக்கும் தலையாட்டிவிட்டு மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறார். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை கடையில் உட்கார்ந்தே வேலை. நான் யார் சொல்வதைக் கேட்பது?

கெடிலக்கரை:
பெரியப்பா சொல்வதைக் கேளும்மா. நான் கடலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். என் தாத்தா 83 வயது வரை கம்பும் கேழ்வரகும்தான் சாப்பிட்டார். நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். ஒரு நாள் ஒரு மாத்திரை போட்டதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது பேருக்குத்தான். நாரும் அப்படித்தான். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சும்மாவா சொன்னார்கள்? காலையில் ஆவாரம்பூத் தண்ணீர், அப்புறம் கூழ். மாத்திரைப் பக்கம் போகவே வேண்டாம். ஒரு தடவை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் அது விடாது.

அரியாங்குப்பத்தான்:
கடைசி வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவிடமும் இதைத்தான் சொன்னார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று வருஷம் கஷாயம் குடித்தார். சர்க்கரை ஏறுவது உடம்புக்குத் தெரியவே இல்லை, வலியும் இல்லை. காலில் உணர்ச்சி போனதும் தெரியவில்லை. செருப்புக் கடித்த புண் ஆறாமல் போய், வலது கால் பெருவிரலை எடுத்தார்கள். அவர் இன்று நடப்பது மருந்தால்தான்.

கெடிலக்கரை அண்ணே, உங்கள் தாத்தா ஒருவரை வைத்து ஊருக்கே வைத்தியம் சொல்லாதீர்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இன்டியாப் கணக்கெடுப்பைப் பாருங்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்தது. நாடு முழுக்கப் பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை. தமிழ்நாட்டில் 14.4. நம் புதுச்சேரியில் 26.3! கோவாவுக்கு அடுத்தபடி நாம்தான். நாலு பேரில் ஒருவருக்கு இருக்கும் நோயைக் கூழ் ஊற்றி நிறுத்த முடியுமா? சித்தி சொல்வதுதான் சரி. வரப்போவது வரும், தயாராக இருங்கள்.

லாஸ்பேட்டை செவிலி:
இருபது வருஷமாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு நடுவில் வேலை பார்க்கிறேன். இருவரும் பாதி உண்மையை முழு உண்மையாகச் சொல்கிறீர்கள்.

முதலில் தங்கச்சிக்கு. அந்த மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5-ம் அதற்கு மேலும் நோய். அப்பா நடுவில் நிற்கிறார். இங்கே பிடித்தால் நிறுத்தலாம், குறைந்தது தள்ளிப்போடலாம். இது நம்பிக்கைப் பேச்சு இல்லை. சென்னையிலேயே சோதித்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். முன்நிலையில் இருந்தவர்களை அப்படியே விட்டதில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான்.

இனி தட்டுக்கு வருவோம். நம் பக்கத்துத் தட்டில் அரிசி மட்டும் பிரச்சினை இல்லை, அரிசியைத் தவிர வேறு எதுவும் இல்லாததுதான் பிரச்சினை. நாலு கரண்டி சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் ஒரு ஸ்பூன் உருளைக்கிழங்கு. இரவில் இட்லி, அதுவும் அரிசி. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரின் சதைக்கு அவ்வளவு சர்க்கரை தேவையில்லை. மிஞ்சுவது வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பாகத் தங்குகிறது. அந்தக் கொழுப்பு சேரச்சேர இன்சுலின் வேலை செய்வது குறைகிறது. அதனால் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் கீரையும் வையுங்கள். கூடவே பருப்போ மீனோ முட்டையோ இருக்கட்டும். முதலில் காய், அப்புறம் மீன், கடைசியில் சோறு. இந்த வரிசைக்கே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிஷம் நடக்கச் சொல்லுங்கள்.

கருப்பட்டி வேண்டவே வேண்டாம். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். அழுத்தமும் எல்லையை ஒட்டி இருப்பதால் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் நிறுத்துங்கள்.

அரியாங்குப்பத்தான்:
அக்கா, நீங்கள் சொன்ன கணக்கிலேயே, சாப்பாட்டை மாற்றியும் 39 பேருக்கு வந்துவிட்டதே. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? 'ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் வந்திருக்காது' என்று என் அம்மாவை உறவுக்காரர்கள் பேசாத பேச்சு இல்லை. நோயாளிமீது பழியைப் போடும் பேச்சு இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

லாஸ்பேட்டை செவிலி:
தம்பி, உங்கள் அம்மாவைப் பேசியவர்கள் தப்பு செய்தார்கள். வம்சம் பெரிய காரணம்தான், அதை யாரும் மறுக்க முடியாது. எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சிலருக்கு வரும். அவர்களுக்கு மாத்திரை வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 55-க்கும் 39-க்கும் நடுவில் 16 பேர் இருக்கிறார்கள். அந்தப் பதினாறில் இந்தத் தங்கச்சியின் அப்பாவும் ஒருவராக இருக்கலாம். வரத்தான் போகிறது என்று விட்டுவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது.

முத்தியால்பேட்டைப் பெண்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். வீட்டில் சண்டை ஓயாததால் சர்க்கரை பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கினேன். சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தோம் (இது அந்த நேரத்து அளவு, ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும்). பெரியப்பா சொன்னபடி ஒரு சொம்பு கூழும், கருப்பட்டி போட்ட டீயும்: 204. இன்னொரு நாள் முருங்கைக்கீரைப் பொரியல், மத்தி மீன் குழம்பு, கடைசியில் ஒன்றரைக் கரண்டி சோறு: 161. திரும்பவும் செய்து பார்த்தோம். எண் கொஞ்சம் மாறியது, கூழுக்குத்தான் அதிகம் என்பது மாறவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுக் கூழில் பாதி நொய்யரிசி! அரிசியை நிறுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அரிசியைக் கரைத்துக் குடித்திருக்கிறோம்.

கெடிலக்கரை:
எண்ணைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. கருப்பட்டி விஷயத்தில் செவிலி அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பழியைக் கேழ்வரகின் மேல் போடாதீர்கள். நைசாக அரைத்த மாவு, அதிலும் நொய், தண்ணீர் மாதிரி கரைத்து ஒரே மூச்சில் குடித்தால் எந்தத் தானியமும் வேகமாகத்தான் ஏறும். என் தாத்தா குடித்தது அப்படி இல்லை. விடியலில் கவலை ஓட்ட, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கப் போவார். பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து கெட்டிக் கூழ், சின்ன வெங்காயம், ஒரு பிடி கீரை. திரும்பவும் வெயில் சாயும்வரை வேலை. அந்த உழைப்பை விட்டுவிட்டுக் கூழை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்பது இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

சாமை, வரகு, தினையை முழுதாகச் சோறு மாதிரி வடித்து, அதே பாதி அளவில் காயோடு சாப்பிட்டுப் பாருங்கள். அதையும் குத்திப் பார்த்து எழுதுங்கள். மாத்திரை பற்றி எழுதியதற்கு வருத்தப்படுகிறேன். டாக்டர் கொடுத்ததை யாரும் தானாக நிறுத்த வேண்டாம்.

தேவனாம்பட்டினம்:
எல்லோரும் சர்க்கரையையே பேசுகிறீர்கள். செவிலி அம்மாவின் ஒரு வரியைத் தவிர, 138/88 என்ற எண்ணை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் அண்ணனுக்கு 46 வயதில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதற்கு முன் ஒரு தடவைகூட அழுத்தம் பார்த்ததில்லை. கடலுக்குப் போகிற உடம்பு, இரும்பு மாதிரி இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஆனால் செவிலி அம்மா கருவாட்டை நிறுத்து என்று ஒரே வரியில் சொன்னதை ஏற்க மாட்டேன். எங்கள் குப்பத்தில் ஏழை வீட்டுக்குக் கிடைக்கும் புரதம் அதுதான். மீன் கிடைக்காத நாளில் வேறு என்ன இருக்கிறது? கருவாட்டில் எல்லாம் ஒன்றில்லை. நெத்திலியும் சென்னாக்குனியும் பெரும்பாலும் உப்புப் போடாமல் வெயிலில் காய்வது. வாளை, திருக்கை, சுறா மாதிரி பெரிய மீன்தான் உப்பில் ஊறும். திங்கட்கிழமை காராமணிக்குப்பம் சந்தைக்குப் போனால் எது உப்புக் கருவாடு, எது உப்பில்லாமல் வெறுமனே காய்ந்தது என்று கேட்டு வாங்கலாம். ஓரம் கிள்ளி வாயில் வைத்தாலே தெரியும். உப்புக் கருவாடு என்றால் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றி, குழம்புக்குத் தனியாக உப்பே போடாமல் வையுங்கள். அண்ணன் வீட்டில் இப்போது அப்படித்தான். மாத்திரையும் போடுகிறார், வாரம் ஒரு நாள் நெத்திலியும் சாப்பிடுகிறார்.

லாஸ்பேட்டை செவிலி:
திருத்திக்கொள்கிறேன் அண்ணே. நான் உப்புக் கருவாட்டை மனதில் வைத்து மொத்தமாக எழுதிவிட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாக உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தலைதட்டின ஒரு டீஸ்பூன்தான் அது. சோறு வடிக்கும்போது போடும் உப்பை நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். கொஞ்ச நாளில் நாக்கு பழகிவிடும்.

அழுத்தம் பார்ப்பதிலும் ஒரு விஷயம். ஆஸ்பத்திரிப் படியேறி வந்ததும் எடுத்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரம் முன்பிலிருந்து காபி, பீடி வேண்டாம். முதுகு சாய்ந்து ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து எடுங்கள். ஒரு வாரம் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். சாராயம் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அழுத்தம் ஏற அதுவும் காரணம்.

அரியாங்குப்பத்தான்:
கடையில் பொட்டாசியம் கலந்த உப்பு விற்கிறார்களே, அது நல்லதா? அம்மாவுக்கு வாங்கலாம் என்று இருந்தேன்.

லாஸ்பேட்டை செவிலி:
வாங்காதீர்கள் தம்பி, முதலில் கிட்னி பரிசோதனையை டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில அழுத்த மாத்திரை போடுபவர்களுக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பையே கெடுத்துவிடும். கிட்னி நன்றாக இருப்பவர்களுக்குப் பலன் உண்டு. அம்மாவின் பாதத்தைத் தினமும் ராத்திரி அடிப்பக்கம், விரல் இடுக்கு எல்லாம் பார்க்கிறீர்களா?

அரியாங்குப்பத்தான்:
பார்க்கிறேன் அக்கா. அந்த விரல் போனதிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை.

முத்தியால்பேட்டைத் தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நேரமும் அப்பாவின் தட்டையே பேசினோம். காயை நறுக்கி, அவருக்குத் தனியாக எடுத்துவைத்து, மீதியைக் கடைசியில் சாப்பிடுவது யார்? உங்கள் அம்மாவின் எண் என்ன?

முத்தியால்பேட்டைப் பெண்:
இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். அம்மாவுக்கு வயது 49. என்னைப் பெற்ற பிறகு ஒரு தடவைகூட ரத்தம் கொடுத்துப் பார்த்ததில்லை. கவனித்துப் பார்த்தேன். அப்பா தட்டில் கீரையும் மீனும் போன பிறகு அம்மா சாப்பிடுவது மிச்சச் சோறு, குழம்பு, ஊறுகாய். அப்பாவுக்குக் குறைத்த சோறு வீணாகக் கூடாது என்று அதையும் அம்மாவே சாப்பிடுகிறார். சாயந்திரம் ஆனால் கால் வலிக்கிறது, அசதியாக இருக்கிறது என்பார். வயசானால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டிருந்தோம்.

லாஸ்பேட்டை செவிலி:
நாளைக்கே கூட்டிப் போங்கள். சர்க்கரை, அழுத்தம், கூடவே ரத்த அளவும் (ஹீமோகுளோபின்) பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி சரியாகக் காட்டாது. அதனால் வெறும் வயிற்றிலும் ஒரு தடவை எடுக்கட்டும். நாளையிலிருந்து அரிசியை அளக்கும்போதே குறைத்துப் போடுங்கள். மிச்சம் இருந்தால்தானே அம்மா சாப்பிடுவார்.

முத்தியால்பேட்டைப் பெண்:
மூன்று ஆழாக்கு இரண்டாகிவிட்டது. கீரை ஒரு கட்டு வாங்கிய இடத்தில் இரண்டு கட்டு. கடை மூடி அப்பா வரும்வரை காத்திருக்காமல் அம்மாவும் நானும் எட்டு மணிக்கே சாப்பிட்டோம். பிறகு கடற்கரைச் சாலைக்கு நடந்தோம், அந்த நேரத்தில் வண்டி விட மாட்டார்கள். காந்தி சிலை வரைக்கும் போய்த் திரும்பினோம். நாளைக் காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுக்கப் போகிறோம். எண் வந்ததும் எழுதுகிறேன்.