சர்க்கரை நோய்க்கு அகேவ் சிரப் நல்லதுங்களா?

பெருந்துறைப் பொண்ணு:
அப்பாவுக்குச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். கோயமுத்தூரில் இருக்கும் தங்கச்சி, சுகரே ஏறாது, செடியிலிருந்து எடுத்தது என்று ஒரு அகேவ் பாட்டிலை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். தேனை விடக் கொஞ்சம் தண்ணியாக ஓடுகிறது. காபிக்கு நாட்டுச்சர்க்கரைக்குப் பதிலாக இதைப் போட ஆரம்பித்ததிலிருந்து மீட்டரில் நம்பர் குறைவாகத்தான் வருகிறது, அந்தத் தைரியத்தில் இப்போது ராகிக் கூழுக்கும் ஊற்றிக்கொள்கிறார். நிஜமாகவே இது தேன், நாட்டுச்சர்க்கரையை விட மேலா? எங்கள் தோட்டத்து வேலியில் நிற்கிற ஆனைக்கத்தாழையும் இதே செடிதான் என்று பக்கத்துத் தோட்டத்து மாமா சொல்கிறார், அது உண்மைங்களா?

சத்துக்கணக்கு:
மீட்டரை வைத்து முடிவு பண்ணாதீங்க அம்மணி. அது ரத்தத்தில் இருக்கிற குளுக்கோஸை மட்டும்தான் காட்டும். அகேவில் இருக்கிற சர்க்கரையில் பெரும்பங்கு ஃப்ரக்டோஸ் என்கிற பழச்சர்க்கரை, 70 சதவீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். அதைக் கல்லீரல்தான் பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது, அதனால்தான் நம்பர் அவ்வளவாக ஏறுவதில்லை. ஆனால் அளவு மீறினால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றும், ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு ஏறும், கல்லீரலில் கொழுப்பு படிகிற ஃபேட்டி லிவருக்கும் வழி. சர்க்கரை நோய்க்காரர்களுக்கு ஏற்கனவே இந்த இரண்டிலும்தான் பயம். தேனில் ஃப்ரக்டோஸ் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும், குளுக்கோஸ் 30க்குச் சற்று மேல். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பொள்ளாச்சிப் பக்கம் விற்கிற தென்னஞ்சர்க்கரை எல்லாமே பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கிற அதே சர்க்கரை, குடலில் குளுக்கோஸ் பாதி ஃப்ரக்டோஸ் பாதியாகப் பிரியும். அகேவுக்கு இனிப்பு சர்க்கரையை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதனால் குறைவாக விட்டால் போதும். அந்த ஒரு லாபமும் கூழுக்குத் தாராளமாக ஊற்றினால் போய்விடும், 100 கிராமுக்கு 300 கலோரியை ஒட்டி இருக்கிறது.

கவுந்தப்பாடிக்காரன்:
பழனி பஞ்சாமிர்தத்துக்கே எங்கள் ஊர் நாட்டுச்சர்க்கரைதான் போகிறது, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் சர்க்கரை நோய்க்காரர்கள் கேட்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கொப்பரையில் சாறு காய்ச்சித் தொட்டியில் கொட்டித் தேய்த்துப் பொடியாக்குவதால் இரும்புச்சத்து கொஞ்சம் தங்கும், காபிக்குப் போடுகிற ஒரு ஸ்பூனில் அது எவ்வளவு வந்துவிடும்? சுகரை ஏற்றத்தான் செய்யும். அப்புறம், அகேவை வைத்துக் கடலை உருண்டை பிடிக்கப் பார்க்காதீங்க. வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருண்டு நிற்குமே, அந்தப் பதம் இதில் வராது. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்றே கிடக்கும்.

வேலியோரம்:
ரெண்டும் ஒரே இனம், ஆனால் அதே செடி இல்லைங்க. சிரப்புக்குப் பெரும்பாலும் மெக்சிகோவின் நீல அகேவ்தான், டெக்கீலா என்கிற மது காய்ச்சுவதும் அதில்தான். பல வருஷம் வளர்த்து, பூத்தண்டு கிளம்பும் முன்னால் மடலையெல்லாம் சீவிவிட்டு நடுவில் இருக்கிற கனத்த தண்டை எடுப்பார்கள். அதில் இருப்பது இனுலின் (இன்சுலின் இல்லைங்க) மாதிரி ஃப்ரக்டோஸ் கோத்த நீளச் சங்கிலி, சூடாக்கியோ என்சைம் சேர்த்தோ உடைத்தால்தான் ஃப்ரக்டோஸ் வரும். அதனால் செடியில் ஒழுகுவதை அப்படியே பிடித்துப் பாட்டிலில் அடைத்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனைக்கத்தாழையை வெட்டி ருசி பார்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், சாறு மேலே பட்டாலே அரிப்பெடுத்துத் தடித்துப்போகும். குழந்தைகளை அண்ட விடாதீங்க.

பெருந்துறைப் பொண்ணு:
அப்போ என்னதான் பண்றதுங்க அண்ணா? இனிப்பே இல்லாமல் அவருக்குக் காபி இறங்காது.

சத்துக்கணக்கு:
கூழுக்கு மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொடுங்க, அங்கே இனிப்பே தேவையில்லை. காபிக்கு எதைப் போட்டாலும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்க. சீனித்துளசி (ஸ்டீவியா) சொட்டில் சர்க்கரை இல்லை, கடைசியில் லேசாகக் கசக்கும், சிலருக்குப் பழகிவிடும். அடுத்த தடவை ரத்தம் கொடுக்கும்போது ட்ரைகிளிசரைடும் கல்லீரலும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க. முக்கியமாக இன்னொன்று, மாத்திரை சாப்பிடுகிறவருக்கு என்றைக்காவது சுகர் இறங்கி வேர்த்து நடுங்கினால் அந்த நேரத்துக்கு இந்தப் பாட்டிலைத் தேடாதீங்க, இது சட்டென்று ஏற்றாது. குளுக்கோஸ் பொடியோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுங்க, குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.