விடெரோ: 800 மீட்டர் ஓடுபாதையில் டாஷ் 8 எப்படி இறங்குகிறது? ஏன் இன்னும் அதே பழைய விமானம்?

கடலோரன்

நோர்வேயின் விமான நிறுவனமான விடெரோ பற்றி நான்கு கேள்விகள். கிர்கெனெஸிலிருந்து ஹாமர்ஃபெஸ்ட் வரை உள்ள சின்னச் சின்ன ஊர்களில் ஓடுபாதை 800 மீட்டர் அளவுதான். அங்கே 39 இருக்கை டாஷ் 8-100 போகிறது. அதே நிறுவனத்திடம் டாஷ் 8-இன் நீளமான வடிவமான 78 இருக்கை கியூ400 இருந்தும் அதை ஏன் அனுப்புவதில்லை? 39 இருக்கைக்கு விமானம் இருக்க, சில நாட்களில் அத்தனையும் விற்பதில்லை என்கிறார்களே, அது ஏன்? இவ்வளவு குறைந்த கூட்டத்தை வைத்துக்கொண்டு கம்பெனி எப்படி ஓடுகிறது, மானியமா? 1980-90களில் நடந்த விபத்துகளுக்குக் குட்டை ஓடுபாதைதான் காரணமா?

சமன்கோடு

முதல் இரண்டு கேள்விக்கும் விடை ஒரே கணக்கில் இருக்கிறது.

புறப்படும் முன்பே இறங்கும் எடையைக் கணக்கிட்டாக வேண்டும். ஓடுபாதை முனையை 50 அடி உயரத்தில் கடந்து, தரை தொட்டு, முழுதாக நிற்கும் வரை ஆகும் தூரம், டர்போப்ராப் (டாஷ் 8 போன்ற புரொப்பெல்லர் விமானம்) என்றால் கிடைக்கும் நீளத்தில் 70 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 800 மீட்டர் என்றால் 560. போய்ச் சேரும் நேரத்தில் ஓடுபாதை ஈரமாக இருக்கும் என்று முன்னறிவிப்பு சொன்னால் இன்னொரு 15 சதவீதம் கூட்ட வேண்டும். 800-ஐ 1.15-ஆல் வகுத்து 70 சதவீதம் எடுத்தால் ஏறத்தாழ 487 மீட்டர்தான் கையில். அதற்குள் நிற்கிற எடைதான் அன்றைக்கு அனுமதி.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று எரிபொருள். இறங்கும் எடையில், இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய மாற்று விமான நிலையத்துக்கான எரிபொருளும் சேர்த்தி. பெர்லெவாகில் பனிப்புயல் என்றால் பக்கத்து போட்ஸ்ஃபியோர்டிலும் அநேகமாக அதே புயல்தான். அதனால் நீளமான ஓடுபாதை உள்ள தூரத்து ஊரை மாற்றாக வைக்க வேண்டிவரும். தூரம் கூடினால் எரிபொருள் கூடும். மொத்த எடைக்கு உச்சவரம்பு இருப்பதால் குறைவது பயணியோ பெட்டியோதான். இருக்கை காலியாக இருந்தும் "இடமில்லை" என்பதும், பெட்டி அடுத்த விமானத்தில் வந்து சேர்வதும் இதனால்தான்.

இனி இறங்கும் விதம். நீள ஓடுபாதையில் செய்வதுபோல மெத்தென்று மிதக்கவிட்டு இறக்க இங்கே இடமில்லை. நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். முனையைக் கடக்கும் வேகம் 10 சதவீதம் கூடினால் நிற்கும் தூரம் சுமார் 21 சதவீதம் கூடும். ஆகவே குறித்த வேகம், குறித்த புள்ளி, உறுதியாக ஒரு தட்டு. சக்கரம் பதிந்ததும் பவர் லீவரை 'டிஸ்க்' நிலைக்கு இழுப்பார்கள். புரொப்பெல்லர் தகடுகள் தட்டையாகத் திரும்பி, இரண்டும் காற்றுக்கு எதிரே பிடித்த பலகைபோல ஆகிவிடும். கூடவே இறக்கைமேல் எழும் ஸ்பாய்லர் தகடு, பிரேக். பயணிக்குத் 'தடால்' என்று இறங்கியதாகத் தோன்றும். அங்கே அதுதான் நல்ல லேண்டிங்.

கியூ400-இன் அதிகபட்சப் புறப்பாட்டு எடை சுமார் 29 டன். டாஷ் 8-100 சுமார் 16 டன். எடையை விட்டாலும் நீளம் விடாது: 22 மீட்டர் உடல் 33 மீட்டர் ஆகியிருக்கிறது, சக்கரக் கால் அதற்கேற்ப உயரவில்லை. மூக்கைத் தூக்கி மெதுவாக இறக்கப் பார்த்தால் வால் தரையில் தட்டும். எனவே தட்டையாக, கூடுதல் வேகத்தில் வந்தாக வேண்டும். 800 மீட்டருக்கு அது சரிப்படாது. அதன் இடம் நீள ஓடுபாதையுள்ள ஊர்கள்தான்.

பனிக்கோடு

மேலே சொன்னது ஈரம் வரைதான். குளிர்காலத்தில் ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை குறியீடு கொடுப்பார்கள். ஐரோப்பாவில் 2021 ஆகஸ்டிலிருந்து இந்த முறை. 6 என்றால் காய்ந்தது. 5/5/3 என்று வந்தால் கடைசிப் பங்கில் வழுக்கல். 800 மீட்டரில் ஒரு பங்கு 270 மீட்டர்கூட இல்லை, அந்த 3-ஐ ஒதுக்கிவிட்டு இறங்க முடியாது.

கடுங்குளிர்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். அமுங்கிய பனி −15 டிகிரியிலும் அதற்குக் கீழும் குறியீடு 4 பெறும், அதைவிட வெப்பம் கூடினால் 3. சேறுபோன்ற நீர்ப்பனி 2, பனிக்கட்டி 1, பனிக்கட்டி மேல் தண்ணீர் 0. பூச்சியம் என்றால் விமானம் இறங்காது. வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் நோர்வே கரையோரம் வெப்பநிலை பூச்சியத்தைச் சுற்றியே ஊசலாடும். காலையில் 4, மழைத்தூறல் விழுந்தால் மதியம் 1 என்று மாறுவது அதனால். ரத்துப் பலகையில் "வானிலை" என்று போட்டிருந்தாலும் பாதி நேரம் பிரச்சினை வானத்தில் இல்லை, தரையில்.

அஞ்சல்தடம்

வரலாறும் மானியமும் என் பங்கு.

1934-இல் விக்கோ விடெரோவும் தம்பி ஆரில்டும் நண்பர்களும் தொடங்கியபோது விளம்பரப் பறப்பு, வான்படம், விமானப் பயிற்சி என்று கிடைத்ததையெல்லாம் செய்தார்கள். பிறகு கரையோரத்தில் மிதவை விமானங்கள். தண்ணீரில் இறங்கும் விமானத்துக்கு வட நோர்வேயின் குளிர்கால இருட்டு ஒத்துவராது. அதற்கு அரசு கண்ட வழிதான் குட்டை ஓடுபாதை வலையமைப்பு. 1968-இல் பிரென்னெய்சுண்ட், சான்னெஸ்யோன், மோ இ ரானா, நாம்சோஸ். பின்னர் மேற்குக் கரை, லோஃபோட்டன், ஃபின்மார்க். விமானம் 19 இருக்கை ட்வின் ஆட்டர். 1981 முதல் நான்கு எஞ்சின் டாஷ் 7-உம் சேர்ந்தது. இரண்டின் இடத்தையும் 90-களில் டாஷ் 8-100 பிடித்தது. இடையில் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் கைக்குப் போய், 2013-இல் டோர்காட்டன் என்ற போக்குவரத்து நிறுவனத்தின் தலைமையிலான குழுவுக்கு விற்கப்பட்டு, 2024 ஜனவரியில் 112.5 கோடி குரோனருக்கு நார்வீஜியன் என்ற விமான நிறுவனத்தின் கைக்கு வந்தது.

மானியம் என்பது நஷ்டத்தை ஈடுகட்டும் பணம் அல்ல. 1997 ஏப்ரல் முதல் பொதுச்சேவைத் தடங்களுக்கு டெண்டர். ஒரு நாளைக்கு எத்தனை பறப்பு, எத்தனை இருக்கை, வழியில் எத்தனை நிறுத்தம், டிக்கெட்டுக்கு உச்சவிலை எவ்வளவு என்று அரசு எழுதிவைக்கும். இதையெல்லாம் செய்ய யார் குறைந்த ஈட்டுத்தொகை கேட்கிறாரோ அவருக்குச் சில ஆண்டுகளுக்கு அந்தத் தடத்தில் தனி உரிமை. போட்டி தடத்தில் இல்லை, டெண்டரில். ஆனால் 800 மீட்டரில் இறங்கக்கூடிய 30-40 இருக்கை விமானத்தைக் கூட்டமாக வைத்திருப்பவர் அங்கே வேறு யார்? ஆகவே பெயருக்குத்தான் போட்டி என்பது என் கருத்து. மானியமில்லாத வணிகத் தடங்களும் உண்டு, கியூ400 அங்கேதான். 2018 ஏப்ரலில் எம்ப்ராயர் இ190-இ2 உலகிலேயே முதலில் சேவைக்கு வந்ததும் விடெரோவில்தான்.

கடலோரன்

நன்றி. அப்படியானால் விபத்துகள்? ஓடுபாதை போதாமல்தான் என்று ஓரிடத்தில் படித்தேன்.

சமன்கோடு

தவறு. 1982 முதல் 1993 வரை நான்கு பெரிய விபத்துகள். ஒன்றில்கூட ஓடுபாதை தாண்டி ஓடியதாக இல்லை.

1988 மே 6, பிரென்னெய்சுண்ட் அருகே டோர்காட்டன் மலையில் டாஷ் 7 மோதி 36 பேர் இறந்தார்கள். விமான நிலையத்துக்கு 4 கடல் மைல் இருக்கும்போது தொடங்க வேண்டிய கடைசி இறக்கத்தை 8 கடல் மைலிலேயே தொடங்கிவிட்டார்கள். 1993-இல் நாம்சோஸ் அருகே இருட்டில் ட்வின் ஆட்டர் ஒன்று, ஓடுபாதையை எட்டும் முன்பே தாழ்ந்து மலைமுகட்டில் மோதியது. 6 பேர் பலி. இரண்டும் ஒரே வகை: விமானத்தில் கோளாறு இல்லை, உயரம் தவறியது. படிப்படியாக இறங்கும் பழைய அணுகுமுறையில் ஒரு படியை முன்கூட்டியே எடுத்தால் எச்சரிக்க எதுவும் இல்லை. செயற்கைக்கோள் வழியாகத் தொடர்ச்சியான சரிவுக்கோடு காட்டும் கருவியை 2007 முதல் அந்தக் குட்டை நிலையங்களில் பொருத்தத் தொடங்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

1990-இல் வேரோய் தீவில் நடந்தது காற்றால். மலையோரம் சுழன்றடித்த காற்றில் வால்பகுதி உடைந்து 5 பேர் இறந்தார்கள். அந்த நிலையம் அத்தோடு மூடப்பட்டது, இப்போது அங்கே போடோவிலிருந்து ஹெலிகாப்டர். 1982-இல் மெஹாம்ன் அருகே 15 பேர் இறந்த விபத்தில் விசாரணை சொன்னதும் கடுங்காற்றில் உடைந்தது என்றுதான். அந்த முடிவின் மேல் நோர்வேயில் நெடுங்காலம் சர்ச்சை ஓடியது.

பனிக்கோடு

பழைய விமானம் பற்றி யாரும் சொல்லவில்லை. இங்கே வயதை ஆண்டில் எண்ணிப் பயனில்லை, பறப்புச் சுற்றில் எண்ண வேண்டும். கால் மணி நேரத்துக்குள் முடியும் பறப்புகள் பல. ஒவ்வொன்றிலும் கேபின் ஒருமுறை ஊதி ஒருமுறை தளரும். டாஷ் 8-100-க்கு முதலில் 80,000 சுற்று வரம்பு, ஆயுள் நீட்டிப்புத் திட்டத்தில் அது 1,20,000 ஆனது. மாற்றுவதற்கு விமானம் சந்தையில் இல்லை என்பதுதான் காரணம். 800 மீட்டருக்கென ஏடிஆர் என்ற தயாரிப்பாளர் அறிவித்த 42-600எஸ் விமானம் 2024-இல் கைவிடப்பட்டது. விடெரோ கூட்டுச் சேர்ந்த விமானத் தயாரிப்பாளர் டெக்னாமின் 9 இருக்கை மின்விமானத் திட்டம் 2023-இல் நிறுத்திவைக்கப்பட்டது. ஓடுபாதையை நீட்டலாமே என்றால் பல இடங்களில் ஒரு முனையில் கடல், மறுமுனையில் பாறை. நார்விக் நகரத்து நிலையத்தை 2017-இல் மூடியேவிட்டார்கள், புதுப் பாலத்தால் ஈவனெஸ் விமான நிலையம் பக்கமாகிறது என்று.